இடது காலுக்கு வேலை இல்லை

அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு
இருபது கொண்டை ஊசி வளைவு.
போக இருபது, வர இருபது.
மலைமேல் ஒரு பள்ளிக்கூடத்தில்
ஃபீஸ் ரசீது எழுதுகிற வேலை எனக்கு.
இருபத்தாறு வருடத்தில் எத்தனை வளைவென்று
நான் பெருக்கிப் பார்த்ததில்லை.
பார்த்தது இடது முட்டி.

ஃபேர்லேண்ட்ஸில் எலும்பு டாக்டர்
படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து
"கிளட்சை விடுங்க, இல்லன்னா மலையை விடுங்க" என்றார்.
மலையை விட முடியாது.
ரிட்டையர் ஆக இன்னும் நாலு வருடம்,
வீட்டு லோன் முடிய ஆறு.

அதனால் ஆட்டோமேட்டிக்.

முதல் வாரம்
ஒவ்வொரு வளைவிலும் இடது கால் எழுந்து
இல்லாத ஒன்றை மிதித்தது.
தப்பான மண்டபத்தில் பந்திக்கு உட்கார்ந்துவிட்டு
பக்கத்து இலைக்காரர் விசாரிக்கவும்
எழுந்து வருகிறவன்போல
மெல்லத் திரும்பி வந்தது.

தங்கை பூங்காவனம் சிரித்தாள்:
"மாவு கிரைண்டர்ல, துணி மெஷின்ல,
மோட்டார் தானா நிக்குது.
கார் மட்டும் உனக்குக் காலால ஓட்டணுமாக்கும்?"
சரிதான்.
துவைக்கிற கல்லை நான் ஒருநாளும் தேடியதில்லை.
தண்ணீர் வருகிற இரவில் விழித்திருந்து
மொட்டைமாடித் தொட்டி வழிகிறதா என்று
காதைத் தீட்டிக்கொண்டு கிடந்ததும்
போதும், போதும்.
ஆனால் ஒருத்தி எதை விடுவாள்
எதை விடமாட்டாள் என்பதற்கு
ரேஷன் கடை வரிசையா இருக்கிறது?

பதினோராம் வளைவில்
இறங்குகிற பஸ் ஒரே வீச்சில் திரும்பாது.
பின்னால் போய் முன்னால் வரும்.
அதுவரை ஏற்றத்தில் நிற்க வேண்டும்.
கண்ணாடியில் ஒரு லாரியின் மூக்கு.
முழுதாக மிதித்தால் வண்டி உருளும்.
சட்டென்று விட்டால் அணைந்துபோகும்.
இரண்டுக்கும் நடுவே
செருப்பு வழியாக எஞ்சின் முனகுவது கேட்கும்
ஓர் இடம் உண்டு.
அரைக் கிளட்ச்.
தொடை நடுங்க, வாய் உலர,
அந்த அரையில்தான்
என் பாதி ஆயுசு குடியிருந்தது.

புதுக் கார் நில் என்றால் நிற்கிறது.
ஒரு விரற்கடை உருளவில்லை.
பயம் காலி செய்துபோன அறையில்
என்ன வைப்பதென்று தெரியாமல்
எஃப்.எம் வைத்தேன்.

கார்த்திகையில் ஒரு சாயங்காலம்
பனி இறங்கி ரோட்டை மூடிவிட்டது.
வளைவின் எண் பலகையே
பக்கத்தில் வந்த பிறகுதான் தெரிந்தது.
இறக்கத்தைப் பார்த்ததும் கார்
மலை தீர்ந்துவிட்டது என்று தானாக நினைத்துக்கொண்டு
கியரைக் கூட்டியது.
நான் பிரேக்கை மிதித்தேன், மறுபடி மிதித்தேன்,
கருகல் வாடை உள்ளே வந்தது.

ஏறின கியரில் இறங்கு.
இந்த ரோட்டில் வண்டி ஓட்டுகிற எவருக்கும்
தன் போன் நம்பரைவிட நன்றாகத் தெரிந்த விஷயம்.
காருக்கு யாரும் சொல்லவில்லை.
லிவரை இழுத்து "எல்"லில் போட்டேன்.
எஞ்சின் உறுமிக்கொண்டு
என்னைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டது.

அப்புறம்தான் கவனித்தேன்.
கை இழுப்பதற்கு முன்பே
இடது கால் மிதித்து முடித்திருந்தது.
அது மிதித்தால்தான்
கைக்கு நம்பிக்கை.

குரங்குகள் கைப்பிடிச் சுவரில்
நனைந்த மூட்டைகளாக உட்கார்ந்திருந்தன.
மீதி ஏழு வளைவையும்
நாங்கள் மூவரும் இறங்கினோம்:
நான், கார், வேலையில்லாத கால்.

சூரமங்கலம் சர்வீஸில்
தரை விரிப்பை உதறிய பையன்
குனிந்தான், நிமிர்ந்தான், மறுபடி குனிந்தான்.
"மேடம், இந்தப் பக்கம் பெடலே இல்லையே,
மேட் மட்டும் எப்படித் தேஞ்சுச்சு?"

உள்ளங்கை அகலம் வெளுத்து
நடுவில் நூல் தெரிந்தது.

புதுசு எண்ணூற்றைம்பது என்றான்.
போட்டுவிடு என்றேன்.
இன்னும் நாலு வருடம் இருக்கிறது தேய்க்க.