நாற்பது நாற்காலி

வசந்த் விகாரில் அந்தத் தூதரகப் புல்வெளிக்கு
நாற்பது சிவப்பு நாற்காலி, ரெண்டு கூலர், ஒரு தண்ணீர் டிரம்.
மே மாசம். லூ அடித்து ஷாமியானா
உப்பி உப்பித் தாழ்ந்தது.
தென்னாப்பிரிக்காக்காரர்கள் இங்கிருந்தே ஓட்டுப் போடுகிறார்களாம்.
சீட்டை உறையில் ஒட்டி, உறையை இன்னொரு உறையில் ஒட்டி
விமானத்தில் அனுப்புவார்களாம்.
என் வேலை, கூலரில் தண்ணீர் குறையாமல் பார்ப்பது.

வாசலில் பெயர் கூப்பிட்டார்கள்: கோவெண்டர்.
வெள்ளைக்காரப் பெயர் என்று நினைத்தேன்.
வந்தது எங்கள் சித்தி நிறத்தில் ஓர் அம்மாள்.
"டேய் ராசு, பிளக்கைப் பிடுங்காதே" என்று நான் கத்தியதைக் கேட்டு
நின்றார். "தமிழா?"
கோகிலாம்பாள் என்றார். டர்பன். கோகி என்பார்களாம்.
"கோவெண்டர்னா கவுண்டர். கப்பல்ல எழுதினவன் தப்பா எழுதிட்டான்."

நான் எழுந்து நின்றேன்.

ஆத்தூர்ப் பக்கம் என்று அப்பா சொல்லும் ஊரை
ஒருதரம்கூட நான் பார்த்ததில்லை.
பிறந்தது ஜங்புரா சாக்கடையோரம்.
இந்தக் கால்களுக்கு யார் சொன்னது?
"ஏன் எந்திரிச்சீங்க, உட்காருங்க" என்றார்.
காரணம் அவருக்குத் தெரியவில்லை.
கடல் அதைத் தின்றுவிட்டது போலும்
என்று அப்போது நினைத்தேன்.

வரிசை நகரவில்லை. அவர் பேசினார்.
பாதித் தமிழ், மீதி இங்கிலீஷ். எனக்கு வருவது கால்வாசி இங்கிலீஷ்.
பிடித்துக்கொண்டது இவ்வளவு:
வெள்ளைக்காரன் ஒருமுறை இந்தியர்களுக்குத்
தனி சபை, தனி ஓட்டு என்று நீட்டினான்.
கறுப்பர்களுக்கு இல்லை.
சர்க்கரை ஆலை குமாஸ்தா அவர் அப்பா, போகவில்லை.
போன மாமாவோடு பத்து வருஷம் பேச்சில்லை.
பிறகு எல்லாருக்குமான ஓட்டு வந்தது.
விடியலில் போய் மத்தியானம் வரை நின்றார்கள்.
முன்னால் நின்றவள் தாண்டேகா,
அவர்கள் வீட்டில் பதினோரு வருஷம் துணி துவைத்தவள்.
அப்பா அவளிடம் மணி கேட்டார்.
அவளும் சொன்னாள்.
"அவளுக்கு டீ கொடுக்க எங்க வீட்ல தனி எனாமல் மக்.
பின்வாசல் ஆணியில தொங்கும்.
அந்த ஓட்டு வேண்டாம்னு சொன்ன அதே அப்பாவோட வீட்ல."

எனக்கு அந்த மக் தெரியும்.
தெரியும் என்று சொல்லவில்லை.

இப்போ எப்படி என்று கேட்டேன்.
தாண்டேகாவின் மகள் நகராட்சியில் அதிகாரி.
பேரன் படித்துவிட்டு வேலை தேடுகிறான், தேடிக்கொண்டே இருக்கிறான்.
கரண்ட் அட்டவணை போட்டுப் போகிறது.
மூணு வருஷம் முன்னே கலவரத்தில்
எங்க ஆட்களே தெருமுனையில் டயர் போட்டு மறித்து
கறுப்புப் பையன்களை, என்று ஆரம்பித்து
வாக்கியத்தை அங்கேயே விட்டார்.
கூலர் மட்டும் சத்தம் போட்டது.
"இருந்தாலும் வந்துட்டீங்களே."
"இருந்தாலும்தான்."

தாகம் என்றார். காகித டம்ளர் தீர்ந்திருந்தது.
டிரம்மில் சங்கிலி போட்ட ஒரே எவர்சில்வர் டம்ளர்,
நாங்கள் எல்லாரும் குடிப்பது.
அண்ணாந்து குடித்தார், உதட்டில் படாமல்.
அதற்கு என்ன அர்த்தம் என்று விளங்கவில்லை.
நானும் அப்படித்தான் குடிப்பேன்.

திரும்பி வரும்போது இடது கட்டைவிரல் நகத்தில் மை.
எங்களுக்கு ஆள்காட்டி விரல் என்று காட்டினேன்.
அடுத்த சனிக்கிழமை எங்கள் முறை.
இதே ஷாமியானா போகல் பள்ளிக்கூடத்துக்குப் போகும்.
பட்டியலில் என் பெயர் இருக்கிறது.
அஞ்சலை பெயர் இல்லை, போன தடவை இருந்தது.
"கேட்டீங்களா?"
"கேட்டோம். ஃபாரம் கொடுத்தான்."
"திரும்பக் கேளுங்க" என்றார்,
கடையில் பாக்கிச் சில்லறை கேட்கச் சொல்வதுபோல.

சாயங்காலம் எண்ணி ஏற்றினோம். நாற்பது, சரி.
ஒன்றின் கைப்பிடியில் கட்டைவிரல் அகலத்துக்கு மை.
மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தேன். போகவில்லை, பரவியது.
முதலாளி கூலியில் முப்பது ரூபாய் பிடித்துக்கொண்டு
கறை பட்டதை அடியில் வை என்றார்.
வைத்தேன்.
ஈரம் காயவில்லை, மற்றதிலும் ஒட்டும் என்று
நான் சொல்லவில்லை.