இடுப்பளவு

சனிக்கிழமை காற்று வரவில்லை.
பதினான்கு படகுகள் புல்லில் கிடந்தன
வாசலில் கழற்றிப்போட்ட செருப்புகள் போல, ஜோடி ஜோடியாய்.
கட்டுமரம் என்று பெயர். மரம் எங்கும் இல்லை:
கண்ணாடியிழை, அலுமினியம், விறைத்த பாய்.
கட்டு மட்டும் உண்டு.
இரண்டு தோணிகளுக்கு நடுவே வலைத்துணியை
இழுத்து இழுத்து முடிந்த
நான்கு மில்லிமீட்டர் கயிறு.

கம்பத்தில் சிவப்பும் வெள்ளையுமாய்ப் பட்டைக் கொடி.
பொறு என்று அர்த்தம்.
குஸ்மிட்ஸ் மூன்று முறை விரலை நனைத்துத் தூக்கிப் பார்த்தார்.
நாணலுக்கு அப்பால் ஹங்கேரி; அதுவும் அசையவில்லை.
யாரோ லாங்கோஷ் பொரிக்க,
பூண்டு வாசனை கரையை ஒரு சுற்று சுற்றி வந்தது.
அன்று ஓடிய ஒரே பந்தயம் அதுதான்.

நான் நடுவர் படகில் நேரம் குறிப்பவள்.
பாய் எண்களைத்தான் எனக்குத் தெரியும் என்பேன்,
ஆனால் நொய்சீட்லர் ஏரிக்கரையில் யாருக்கு எது தெரியாது?
எழுநூற்று எழுபத்தொன்று:
ரோஸ்விதா, வெண்டலின். அக்காளும் தம்பியும்.
திராட்சைத் தோட்டம் விற்ற நாளிலிருந்து பேச்சில்லை.
படகு இருவர் பெயரிலும் இருக்கிறது.
விற்க இரண்டு கையெழுத்து வேண்டும்,
கையெழுத்துக்கு ஒரே மேசையில் உட்கார வேண்டும்,
அதற்குப் பந்தயமே தேவலாம் என்று வருகிறார்கள்.
படகில் பேசுவது பேச்சில் சேராது.
இழு. விடு. திருப்பு. குனி.
ஆறு வருடமாய் வெறும் ஏவல் வினைகள்.

ஞாயிறு
கரை விளக்கு ஆரஞ்சாய் மின்னத் தொடங்கியது,
மெதுவாக. வேகமாக மின்னினால்தான் கரைக்கு ஓட வேண்டும்.
குஸ்மிட்ஸ் கொடியை ஏற்றினார்.
ஐந்து நிமிடம். நான்கு. ஒன்று.
ஊதல்.
பதினான்கு தோணிகள் நீரில், பதினான்கு அந்தரத்தில்,
கம்பியில் தொங்கும் உடல்கள் ஏரியை முதுகால் உரசிக்கொண்டு.
என் பென்சில் முனை உடைந்தது. அவ்வளவு வேகம்.

இரண்டாவது மிதவையருகே எழுநூற்று எழுபத்தொன்று
மூக்கைக் குத்தி
குட்டிக்கரணம் போட்டது.

எங்கள் ஏரியில் முங்கிச் சாக
படுத்துக்கொள்ள வேண்டும் என்பார்கள்.
இருவரும் எழுந்து நின்றார்கள், இடுப்பளவு.
பாய்மரம் தலைகீழாய்ச் சேற்றில் இறங்கிவிட்டது,
சுவரில் அடித்த ஆணி மாதிரி.
அசைத்தார்கள். தோள் கொடுத்தார்கள்.
மற்ற படகுகள் சீறிக்கொண்டு போயின.
அவள் ஒற்றைக் காலைத் தூக்கிக் காட்டினாள்:
ஷூவைச் சேறு எடுத்துக்கொண்டது.
அவன் முங்கினான்.
வெகுநேரம் கழித்து எழுந்தபோது
முகமெல்லாம் கறுப்பு, கையில் ஒரு ஷூ.
அவளுடையது அல்ல.
எந்த வருடத்திலோ எவனோ தொலைத்தது, பாசி பிடித்து,
உள்ளே ஒரு சிப்பி.

இருவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.
பிறகு அவள் தோள்கள் குலுங்கின.
தொலைநோக்கியில் சத்தம் வராது.
அழுகையா சிரிப்பா என்று எனக்குத் தெரியாது;
உதடுகள் அசைந்தன,
ஏவல் வினையைவிட நீளமாய்.
மீட்புப் படகைக் கையசைத்துப் போகச் சொன்னாள்.

கோட்டைத் தாண்டியபோது நேர எல்லை முடிந்து நான்கு நிமிடம்.
குஸ்மிட்ஸ் ஊதவில்லை. விதி விதிதான்.
நான் 'முடிக்கவில்லை' என்று எழுதினேன்.

ஒவ்வொரு வருடமும் ஒருவர் கார் கிளம்பிய பிறகுதான்
மற்றவர் வந்து படகை ட்ரெய்லரில் ஏற்றுவார்.
மாலை, கோப்பையெல்லாம் கொடுத்து முடிந்து
மேசைகளை மடிக்கும்போது பார்த்தேன்:
அந்தப் பழைய ஷூ கார் முகப்பில் காய்ந்துகொண்டிருந்தது.
ஆளுக்கொரு பக்கம் குனிந்து
கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள்.
முடிச்சு நனைந்து இறுகிப்போயிருந்தது.

இழு, என்றாள்.
நீ விடு முதலில், என்றான்.

கரையில்.