காசிமேட்டில் மூன்றரை

அவர்களுக்கு வெள்ளிக்கிழமை பிறக்கிறபோது
புதுப் பாட்டு வரும்.
அங்கே நள்ளிரவு. காசிமேட்டில் மூன்றரை.
குளிர்காலமென்றால் நாலரை.
அவர்கள் கடிகாரத்தைத் திருப்பிவைப்பது தெரியாமல்
முதல் வருடம்
ஒரு மணி நேரம் வெறும் திரையைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றரைக்குத்தான் எங்கள் ஐஸ் கம்பெனியில்
பார் ஏற்றுவார்கள்.
ஒரு காதில் இயர்ஃபோன்,
இன்னொரு காதில் சிங்காரு:
"ரோஸ்மேரி போட்டுக்குப் பதினேழு, எழுதிக்கோ மேடம்!"
அரவை மெஷின் ஐஸைக் கடித்துத் துப்புகிற சத்தத்துக்குள்
யாரோ ஒரு பெண் மெல்ல
ஒன்று, இரண்டு, மூன்று எண்ணித் தொடங்குகிறாள்.
அவர்கள் மொழியில் எனக்கு மூன்று வரைதான் தெரியும்.

கோதன்பர்க் என்று எழுதி
யோத்தெபோரி என்று வாசிக்கிறார்கள்.
இன்னும் வடக்கே ஊமெயோ.
அந்த ஊமை ஊரில்
தெருவுக்கு நாலு பேண்டு.
நாலுக்கும் ஒரே டிரம்மர்.
ஒரே முகூர்த்தத்தில் மூன்று மண்டபத்துக்கு
அட்வான்ஸ் வாங்கியவனைப்போல்
ஓடிக்கொண்டே இருக்கிறான்.
யார் யாரோடு பிரிந்தது,
எந்த கிதாரை எவன் விற்றான்,
எல்லாம் எனக்குத் தெரியும்.
எதிர்வீட்டுக்கு யார் குடிவந்திருக்கிறார்கள் என்று தெரியாது.

நான் விடாமல் தொடர்வது ப்ளோத்தா வன்தார்.
ஐந்து பேர், ஒரு டாம்பரின்,
பள்ளிக்கூடத்தில் கடன் வாங்கிய சைலஃபோன்.
அழுகிற வரி வந்தால் கைதட்டுவார்கள்.
வீடியோவில் பாடும்போது வாயிலிருந்து புகை வரும்.
குளிர் அறைக் கதவைத் திறந்தால் எனக்கும் வரும்.
"கதவ மூடு, கரண்ட் பில்லு யாரு கட்றது" என்று
ஃபோர்மேன் கத்துகிறவரை
நானும் அந்த பேண்டில் இருக்கிறேன்.

போன அக்டோபரில் ஹில்டா விலகினாள்.
காரணம் சொல்லவில்லை.
இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.
"ஹில்டாவுக்கு என்ன ஆச்சு?" என்று பதறினார்
என் வீட்டுக்காரர் ஸ்டானிஸ்லாஸ்.
அவருக்குத் தெரிந்த ஹில்டா
கல்மண்டபத்தில் நாலாம் வகுப்பு டீச்சர்.
"காலையில்கூட பால் பூத்தில் பார்த்தேனே,
நல்லாத்தானே இருந்தா."

அவள் இருந்தபோது போட்ட கடைசி ரெக்கார்டு,
மொத்தம் முந்நூறு. என்னுடையது இருநூற்றுப் பன்னிரண்டு.
கஸ்டம்ஸுக்குக் கட்டிய தொகையை
ஸ்டானிஸ்லாஸிடம் இன்னும் சொல்லவில்லை.
மே மாதம் வந்தது.
போஸ்ட்மேன் மோட்டார் பெட்டிமேல் சாய்த்துவைத்துப் போக
நைட் ஷிஃப்ட் தூக்கம் கலைந்து நான் எழுவதற்குள்
வெயில் அதைக் கேட்டு முடித்திருந்தது.
ஓரம் அப்பளமாய்த் தூக்கிக்கொண்டது.

என்னிடம் பிளேயர் கிடையாது.
பனைமரத்தொட்டி நெல்சனிடம் இருந்தது.
ஊசி,
முகத்துவாரம் தாண்டும் ஃபைபர் படகாய்
ஏறி ஏறி இறங்கியது.
ஹில்டாவின் குரல் இழுத்தது, முங்கியது, மேலே வந்தது.
"இது வேலைக்காவாது" என்றான் நெல்சன்.
மறுபக்கத்தைப் போடச் சொன்னேன்.

உறைக்குள் ஒரு துண்டுச் சீட்டு,
நீலப் பேனாவில்: அங்கே வெயில் அதிகமா?
யார் கையெழுத்தென்று தெரியவில்லை.
பதில் மூன்று முறை தொடங்கிவிட்டேன்.
ஆமாம் என்பதற்குமேல் போகவில்லை.

நேற்று சிங்காரு கேட்டான்,
"தெனம் கேக்குறியே மேடம், பேரு இன்னா அது?"
சொன்னேன். அர்த்தமும் சொன்னேன்:
நனைந்த கையுறைகள்.
கோணித் துண்டு சுற்றிய கைகளைப் பார்த்துக்கொண்டான்.
விரல்நுனி வெளுத்துச் சுருங்கியிருந்தது.
"இதுக்கெல்லாமா பாட்டு?"
ஒரு பக்கத்தை அவன் காதில் வைத்தேன்.
தோளிலிருந்த பார் சொட்டச் சொட்ட நின்றான்.
தலையாட்டவில்லை.
"சாவுக்கு அடிக்கிறாங்களா, கண்ணாலத்துக்கா?"
சிங்காரு சாவு வீடுகளில் கானா பாடுகிறவன்.
கேட்கத் தெரிந்துதான் கேட்கிறான்.

இயர்ஃபோனைத் திருப்பித் தந்தான்.
ஈரமாயிருந்தது.
பதினெட்டு என்று எழுதினேன்.