ஐந்து கோல்களும்

வெள்ளி இரவு ரெக்கோடர் முதலில் இருமியது.
பிறகு, வாய் திறந்து சொல் மறந்தவரைப்போல்
டிக் என்றது. நின்றது. மறுபடி டிக்.
திரையில் செய்தி வாசிப்பவளின் தாடை
சதுரம் சதுரமாய்க் கழன்று தோளில் விழுந்தது.

"புதுசு வாங்குவம்" என்றார் நித்தியானந்தன்.
"இப்ப ஆர் பதிஞ்சு வச்சுப் பாக்கினம்?"
வாங்கலாம். பெட்டியை வாங்கலாம்.
அறுநூற்றுப் பதினோரு மணித்தியாலத்தை
எந்தக் கடையில், எந்தத் தட்டில் அடுக்கியிருக்கிறார்கள்?

எனக்கு ஆஸ்பத்திரியின் நிலக்கீழ் அறையில் வேலை.
கத்தரி, இடுக்கி, கொக்கி:
எண்ணித்தான் தட்டம் மேலே போகும்,
எண்ணித்தான் கீழே வரும்.
ஒன்று குறைந்தால்
தைத்த மனிதரைத் திரும்பத் திறக்கவேண்டும்.
ஆகவே திருகாணி ஆறையும்
முட்டைப் பெட்டியின் ஆறு குழியில் இட்டேன்.

கழற்றிய வட்டில் தோசைக்கல்லின் சூடு.
ஜன்னலை ஒரு விரற்கடை திறந்தேன்.
பீல் நகரத்து நவம்பர்
ஏரியிலிருந்து ஏறி வந்து
கேட்காமலே வேலைக்குச் சேர்ந்தது.
கொத்தமல்லிச் சாடிக்குப் பக்கத்தில்
மடித்த துவாய், அதன்மேல் வட்டு,
இரண்டு கேபிள்,
மகன் விட்டுப்போன மடிக்கணினி.

பதிவு பதிவாகப் பிரதி எடுக்க முடியாது.
இந்தப் பெட்டி தன் பதிவைத் தானே பூட்டும்,
சாவியையும் தானே விழுங்கும்.
ஒவ்வொரு புள்ளியையும் அது இருந்த இடத்திலேயே வைத்து
மொழி தெரியாத கடிதத்தைப் படியெடுப்பதுபோல் எடுக்கவேண்டும்.
வராத இடத்தில் முட்டிக்கொண்டு நிற்காதே.
தாண்டு. நல்லதையெல்லாம் முதலில் அள்ளு.
பிறகு கடைசியிலிருந்து பின்னோக்கி நடந்துவந்து
கெட்டதைக் கெஞ்சு.

ஞாயிறு.
தெருமுனைத் தொட்டியில்
கண்ணாடிப் போத்தல்கூடப் போடக்கூடாத நாள்.
முழுக் கட்டடத்திலும் வாய் திறந்தது
என் ஜன்னலில் கிடந்த அந்த டிக் மட்டும்.
மேல்வீட்டு மதாம் வுய்மியே இறங்கி வந்தாள்:
"மணிக்கூடு திருத்துகிறாயா?"
இந்த ஊரில் அது நியாயமான கேள்வி.

மத்தியானம் ஆரூரன் லௌசானிலிருந்து எடுத்தான்.
"அம்மா, அந்த மட்சும் போச்சோ?"
கவலைக் குரல் இல்லை.
நேர்த்தி வைக்கிறவனின் குரல்.
பதினாறு வயதில், ஐஸ் ஹொக்கியில்,
உள்ளூர்த் தொலைக்காட்சி காட்டிய ஒரே ஆட்டத்தில்
வலையைக் காத்து நின்றான்.
ஐந்து கோல் விட்டான்.
நாலாவது, கால்களுக்கு இடையால்.
வர்ணனையாளர் அவன் பெயரைப் பிழையில்லாமல் சொன்னது
அப்போது மட்டும்தான்.

முப்பத்தொரு மணித்தியாலம்.

புது வட்டைப் பொருத்தினேன்.
முட்டைப் பெட்டி காலி.
மின்சாரம் கொடுத்ததும் பெட்டி கேட்டது:
அறியாத வட்டு. அழித்து அமைக்கவா?
ஆம். இல்லை.
வெளிச்சம் ஏற்கெனவே ஆமில் நின்றது.
யாரோ, எங்கோ ஓர் அலுவலகத்தில்,
அதை அங்கே வைத்துவிட்டுச் சாப்பிடப் போயிருக்கிறார்.
நித்தியானந்தனுக்கு மூச்சு வரவில்லை.
ரிமோட்டில் வலப்பக்கம், ஒரே ஒரு தடவை.
இல்லை.

திரை கறுத்தது.
நானும் கொஞ்சம் கறுத்தேன்.
பட்டியல் வந்தது, மேலிருந்து கீழ்,
பழைய வரிசையில், பழைய எழுத்துப்பிழைகளோடு.

இழந்தது பதினெட்டு விநாடி என்றது கணக்கு.
எந்தப் பதினெட்டு என்று சொல்லவில்லை.
இரவுச்சாப்பாட்டோடு தேடினோம்.
மூன்றாவது வாரம் அகப்பட்டது,
ஒரு பழைய வானிலை அறிக்கையில்:
ஜூரா மலைமேல் மேகத்தைக் கொண்டுவந்தவர்
கையைத் தூக்கியபடி பச்சைச் சதுரங்களாக உறைந்துவிட்டார்.
அன்று மழை வந்ததா, வெயிலா,
வெளியே போய் நனைந்தவர்களுக்குத்தான் தெரியும்.

ஐந்து கோல்களும் பத்திரம்.
ஆரூரனுக்கு இன்னும் சொல்லவில்லை.
"பாக்கிறன்" என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.
பார்க்கிறோம்தான்.
நாலாவது வரும்போது நித்தியானந்தன்
கரண்டியைத் தட்டில் வைக்கிறார்,
கதிரையில் தன் முழங்கால்களை ஒட்டிச் சேர்க்கிறார்.