பேரம் பேசாதவன்

மொந்தெவிதேயோவில் ஞாயிறு.
த்ரிஸ்தான் நர்வாஹா தெரு நெடுக
கதவுப்பிடிகள், கூண்டுக்கிளிகள், கால் உடைந்த நாற்காலிகள்.
ஜூலைக் குளிரில் எல்லார் வாயிலும் புகை.

மருந்துக்கடை முனையில் நேலிதாவின் மேசை.
நீலப் போர்வை மேல் பதினேழு கடிகாரங்கள்.
பதினாறைப் பார்த்த மாத்திரத்தில் தள்ளிவிட்டேன்.
ஒன்று, கிழவேஷம் போட்ட பொடியன்.
ஒன்றின் முகத்துக்குப் போன மாதம்தான் சாயம் பூசியிருக்கிறார்கள்:
எழுத்துகள் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள் போல
தள்ளித் தள்ளி நின்றன.
மெருகேற்றி மெருகேற்றி
குளித்துத் தேய்ந்த சோப்பாகிவிட்டது இன்னொன்று.

பதினேழாவதன் விளிம்பு
நகத்தில் இன்னும் கீறியது.

“அதில் கறை இருக்கிறது”
என்று அவளே முந்திக்கொண்டாள்.

இருந்தது.
முட்கள் ஏழரையைக் காட்ட,
அடியில் பழுப்பாய் வேறு இரண்டு முட்களின் நிழல்
நாலு பத்தில் படுத்திருந்தது.
மேலே இருப்பவை குச்சி முட்கள்.
நிழலோ ஈட்டி இலை.
ரேடியம் பூசிய முள் ஒரே இடத்தில்
வருஷக்கணக்காய்க் கிடந்தால்
கீழே இருக்கும் முகத்தைப் பொசுக்கிவிடும்.
எவரோ ஒருவர் சாவி கொடுப்பதை நிறுத்தியிருக்கிறார்,
விடிகாலையா பிற்பகலா தெரியாது.
பிறகு இழுப்பறை.
பிறகு இழுப்பறை மட்டும்தான்.

எழுத்தைப் போலி செய்யலாம், எண்ணைப் போலி செய்யலாம்.
நாற்பது வருஷம் சும்மா கிடந்ததைப் போலி செய்ய
நாற்பது வருஷம் சும்மா கிடக்க வேண்டும்.

பேனாக்கத்தியால் முதுகைத் திறந்து காட்டினாள்.
உள்ளே இயந்திரம் சுத்தம்.
எண்கள் ஒரே குடும்பம்.
முட்கள் மாறியதற்குக் கழித்தேன்,
சாவித்திருகு மாறியதற்குக் கழித்தேன்,
வாருக்கு ஒன்றுமில்லை.
முப்பதாயிரம் பெஸோ.
நியாய விலை என்று ஒன்று உண்டென்றால் அது அங்கேயே,
எங்கள் இருவருக்கும் நடுவில்,
என் கண்ணுக்கு மட்டும் தெரிகிற மாதிரி கிடந்தது.

“ஐயாயிரம்” என்றாள்.
“கறைக்காக நாலாயிரத்து ஐந்நூறு.
வேண்டுமென்றால் என் மருமகன் ஒஸ்வால்தோ
முகத்தைச் சுரண்டிப் புதுசாய் எழுதித் தருவான்.
அறுநூறுதான். வியாழக்கிழமைக்குள்.”

முகம் சுளிக்க வேண்டும்.
கீழே வைக்க வேண்டும்.
வேறொன்றை எடுத்து விலை கேட்க வேண்டும்.
பாலாடைக்கட்டிக் கடை வரை போய்
மனசில்லாதவன் போலத் திரும்ப வேண்டும்.
முப்பது வருஷத் தொழில்.
அத்தனையும் மறந்துபோய்
“சரி” என்று நோட்டை எண்ணத் தொடங்கிவிட்டேன்.

மாத்தேக்கு வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்த கை
அந்தரத்தில் நின்றது.
லென்ஸ் இல்லாமலே பார்த்தாள் என்னை:
முதலில் விளிம்பு,
அப்புறம் முகம்,
அப்புறம் முதுகைத் திறந்து.
கடிகாரத்தைக் கம்பளிக் காலுறைக்குள் போட்டு
கோட்டுப் பையில் வைத்துக்கொண்டாள்.
“இன்றைக்கு இது விற்பனைக்கு இல்லை.”

“வெறும் கறைதானே” என்றேன்.
“அதான்” என்றாள்.
“கறைக்கு எவனும் கேட்ட விலை கொடுத்ததில்லை.”

பாலாடைக்கட்டிக் கடை வரை நடந்தேன், இந்த முறை நிஜமாகவே.
அங்கேதான் ஞாபகம் வந்தது
வியாழக்கிழமை.
ஒஸ்வால்தோவும் அவன் சுரண்டுகத்தியும்.

ஓடிவந்தேன். மூச்சு வாங்கியது.
“அந்தக் கறையை மட்டும்
துடைத்துவிடாதீர்கள் அம்மா.”

“ஏன்?”
சொன்னேன். நிழலை, ஈட்டியை, இழுப்பறையை.
“எவ்வளவு பெறும்?”
“இருபத்தைந்தாயிரம்” என்றேன்.
மிச்ச ஐயாயிரம் நாக்குக்கடியில் ஒட்டிக்கொண்டது.

ஒரு வாய் மாத்தே உறிஞ்சினாள்.
“அப்படியென்றால் முப்பது” என்றாள்.

என்னிடம் இருந்தது
நாலாயிரத்து ஐந்நூறும்
வீட்டுக்குப் போகப் பேருந்துக் காசும்.