பதிலளித்தவர் எண் ஏழு

காரைக்குடியில் மூன்று நாள் கருத்தரங்கம்.
இந்திய அரசியல், சமூகம், பண்பாடு என்று
பேனாவில்கூட அச்சடித்திருந்தார்கள்.
எனக்கும் ஒரு பேனா, ஒரு சணல் பை,
கழுத்தில் தொங்கவிட ஓர் அட்டை.
'எந்தக் காலேஜ் மேடம்?' என்றான் பெயர் எழுதிய பையன்.
வேம்பங்கண்மாய் என்றேன்.
அதையே எழுதிக்கொண்டான்.

ஒன்றிய அலுவலகத்துக்கு வந்தவள் நான்.
ஐயா மீட்டிங்கில் இருக்காக, மூணு மணிக்கு வாங்க என்றதால்
ஆதிரை போனில் அனுப்பியிருந்த அழைப்பு ஞாபகம் வந்து
இங்கே வந்து குளிரில் உட்கார்ந்தேன்.

டெல்லிக்காரர் ஒருவர் இங்கிலீஷில் பேசினார்.
'பீப்பிள்' என்ற சொல் மட்டும் என்னைத் தாண்டித் தாண்டிப் போனது.
பிறகொருவர் பெரிய வீடுகளின் சுவரைப் பற்றி:
பூச்சுக்கு எத்தனை ஆயிரம் முட்டையின் வெள்ளைக்கரு என்று
கணக்கோடு சொன்னார்.
மஞ்சக்கருவை யார் தின்னது என்று
பின்வரிசையில் ஒருத்தன் முணுமுணுத்தான்.

அப்புறம் ஆதிரை.
திரையில் என் கை.
முகத்தை மங்கலாக்கியிருந்தாள்,
வளையலை மறந்துவிட்டாள்.

பதிலளித்தவர் எண் 7.
பெண். வயது 43. எட்டாம் வகுப்பு.
ஊராட்சித் தலைவர், தனித்தொகுதி.
கீழே மேற்கோள் குறிக்குள்:
"எல்லாம் எங்க வீட்டுக்காரர்தான் பாக்குறாக.
நான் சும்மா கையெழுத்து."

அரங்கம் உச்சுக்கொட்டியது.
முன்வரிசை அம்மா ஒருத்தி
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

நான் அதைச் சிரித்துக்கொண்டு சொன்னேன்.
அன்றைக்கு அடைக்கலம்,
என்னைக் கட்டியவர்,
நீர்மூழ்கி மோட்டாரைத் தூக்க ஆள் கிடைக்காமல்
என் உத்தரவின் பேரில்
முட்டளவு சேற்றில் நின்றுகொண்டிருந்தார்.
பாக்குறாக என்றால்
சேற்றைப் பாக்குறாக.
இந்தப் பிள்ளையும்தான் சிரித்தது.
போனும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

முதல் ஆறு மாதம் அது உண்மையாகவும் இருந்தது.
அப்போது கேட்டிருந்தால்
சிரித்திருக்க மாட்டேன்.

எண்பத்திரண்டு கேள்வி கேட்டாள் அன்று.
கழிப்பறை உண்டா, கேட்டாள்.
டிவி உண்டா, கேட்டாள்.
ஆபீஸ் சாவி யாரிடம் என்று கேட்கவில்லை.
காசோலையில் என் கையெழுத்துக்குப் பக்கத்தில்
துணைத் தலைவர் சேவுகமூர்த்தி
இரண்டு மாதமாகக் கையெழுத்துப் போடாததை
எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பது?

கேள்வி நேரம். கை தூக்கினேன்.
மைக் முதலில் ஒரு பேராசிரியரிடம் போனது.
'இது கேள்வி அல்ல, ஒரு கருத்து' என்று தொடங்கி
ஒன்பது நிமிடம்.
என் கைக்கு வந்தபோது தேநீர் இடைவேளை அறிவித்துவிட்டார்கள்.
'அது நான்தான்' என்றேன் மைக்கில்.
'என்னக்கா?' என்றான் மைக் பையன்.
'ஒண்ணுமில்லப்பா, பேட்டரி போச்சு.'

வெள்ளைப் பணியாரத் தட்டோடு வந்த ஆதிரை
முதலில் வளையலைப் பார்த்தாள்,
அப்புறம் என்னை.
காரச் சட்னி தட்டிலிருந்து வழிந்து
அவள் அட்டையில் சொட்டியது.
'அக்கா, தப்பாப் போட்டுட்டேனா?'
'நான் சொன்னதுதானே, தப்பில்ல.
பக்கத்துல சிரிப்புன்னு ஒரு வார்த்தை போட்டிருக்கலாம்.'
'போட்டிருந்தேன். கைடு எடுத்துடச் சொன்னாக.'
சரி, சாப்பிடு என்றேன்.
அவளுக்கும் ஒரு துணைத் தலைவர் இருக்கிறார்.

சான்றிதழ் கொடுத்தார்கள்.
'கட்டுரை வாசித்தார் / பங்கேற்றார்.'
இரண்டில் ஒன்றை அடிக்க வேண்டும்,
பையன் மறந்துவிட்டான்.
ஆக, நான் கட்டுரையும் வாசித்திருக்கிறேன்.

ஒன்றிய அலுவலகம் போனால் மீட்டிங் முடியவில்லை.
புதுவயல் வழி பஸ். ஆலைகளின் அவித்த நெல் வாசம்.
என் நிறுத்தத்துக்கு ஒன்று முன்பே இறங்கி
சேவுகமூர்த்தி வீட்டு வாசலில் நின்று கூப்பிட்டேன்.
காசோலையை நீட்டினேன், பேனாவையும்.

பேனா புதுசா இருக்கே என்றார்.
லைட்டுக்குக் கீழே திருப்பித் திருப்பி
இந்திய... அரசியல்... என்று
எழுத்துக்கூட்டத் தொடங்கினார்.

படித்து முடிக்கட்டும் என்று
நின்றேன்.