பக்கம் 118-இல் கண்ணின் நிறம்

வூட்ச் நகரில், ட்ராம் திரும்பும் முனையில்
நான்காம் மாடி.
பிழை திருத்தும் போக்னாவுக்கு
இந்த மாதம் இது ஏழாவது காதல்.

அவன் கண்கள் பன்னிரண்டாம் பக்கத்தில் சாம்பல்,
நூற்றுப் பதினெட்டில் நீலம்.
சிவப்புப் பேனாவால் வட்டமிடுகிறாள்.
அது எளிது.

மழை வரவேண்டிய இடத்தில் வந்துவிடுகிறது.
நாயகிக்குக் கேக் கடை. கடன் கிடையாது.
ஒரு நாளும் மாவு பொங்காமல் போனதில்லை.
அவள் வாய் திறக்குமுன்னே அவனுக்குப் புரிந்துவிடுகிறது;
பிறகு பேச என்ன இருக்கிறது?
பேசுகிறார்கள், முந்நூறு பக்கம்.
பிரிவும் உண்டு, இருபத்தேழாம் அத்தியாயத்தில்:
ஒரு போன் போட்டிருந்தால் தீர்ந்திருக்கும்.

இதற்கு என்ன குறி போடுவது?
விடுபட்ட காற்புள்ளிக்கு ஒரு குறி உண்டு.
விடுபட்ட ஆசைக்கு?

சமையலறையில் ஸெனோன்
பீட்ரூட் சூப்பில் மறுபடி உப்பை அள்ளிக் கொட்டியிருக்கிறான்.
அவன் தங்கை கல்யாணத்தில் விழுந்த ஒரு சொல்லுக்காக
மூன்று நாளாகப் பேச்சில்லை.
ஆனாலும் அவள் பூட்ஸுக்குள்
ஈரம் உறிஞ்சப் பழைய செய்தித்தாள் திணித்திருக்கிறான்.
கோபத்தோடுதான் திணித்திருக்க வேண்டும்,
கல் மாதிரி இறுகிக் கிடக்கிறது.

விளிம்பில் பென்சிலால் எழுதுகிறாள்:
'இங்கே யாராவது ஒரு ட்ராமைத் தவறவிடக் கூடாதா?'
பார்க்கிறாள்.
அழிக்கிறாள். அதற்கு அவளுக்குச் சம்பளம் இல்லை.
ரப்பர் தூளை ஊதிவிட்டு
நீலத்தைச் சாம்பலாக்குகிறாள்.

சூப் கரிக்கிறது.
இரண்டு கிண்ணம் குடிக்கிறாள்,
பேசாமல்.